ஒற்றை நாற்று நடவு: படிவத்தில் இல்லாத கேள்வி

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



சமூக மாற்றத்துக்கான ஆராய்ச்சி என்று பேச்சு வந்தாலே இரண்டு தரப்பைப் பற்றிச் சொல்வார்கள். ஒன்று, பல்கலைக்கழகத்தில் இருக்கிற ஆராய்ச்சியாளர்கள். இன்னொன்று, களத்தில் வேலை செய்கிறவர்கள். விவசாயி, செவிலியர், ஆசிரியர், தொண்டு நிறுவனப் பணியாளர் எல்லாரும் அதில் அடக்கம். "இந்த ரெண்டு பேரும் கைகோக்கணும்"னு சொல்லாத கருத்தரங்கமே கிடையாது. நானும் அந்த மாதிரி கூட்டங்களில் தலையாட்டிவிட்டு வந்தவன்தான். ஆனால் கைகோப்பது என்றால் நடைமுறையில் என்ன? யார் கையை யார் பிடிக்கிறது? யார் கை விட்டுப்போகிறது?

இதைப் பொதுவாகப் பேசினால் பிரசங்கம் மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒற்றை நாற்று நடவு. நம்ம அரசாங்கம் 'திருந்திய நெல் சாகுபடி' என்று சொல்கிறதே, அதுதான். இதில் நான் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன். முதலில் ஒரு ஆராய்ச்சித் திட்டத்துக்குத் தகவல் சேகரிக்கும் ஆளாக, படிவமும் பேனாவுமாக வயலில் நின்றேன். சில வருஷம் கழித்து, டெல்டாவில் விவசாயிகளோடும் கூலியாட்களோடும் வேலை செய்யும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். முதல் வேலையில் நான் செய்த ஒரு தப்பு இரண்டாவது வேலையில்தான் எனக்குப் புரிந்தது. இன்றைக்குச் சொல்லப்போவது அந்தத் தப்பைத்தான்.

மடகாஸ்கரில் ஒரு பாதிரியார்

கதை தொடங்குவது நம்ம ஊரில் இல்லை. மடகாஸ்கரில். ஆன்ரி தெ லொலானியே என்று ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், இயேசு சபையைச் சேர்ந்தவர். சபையில் சேருவதற்கு முன்னால் விவசாயம் படித்தவர். 1961-இல் மடகாஸ்கர் போனார். அங்கே ஜனங்களுக்கு முக்கியச் சாப்பாடு அரிசி. விளைச்சல் குறைவு. வெளியிலிருந்து விதையும் உரமும் வாங்கப் பணம் இல்லாத குடும்பங்கள். அவர்கள் கையில் இருப்பதை வைத்தே விளைச்சலைக் கூட்ட முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி.

அவர் முதலில் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். ஊர் ஊராகப் போய் விவசாயிகள் செய்வதைப் பார்த்தார். ஒரு பக்கம் சிலர் கொத்தாக நடாமல் ஒவ்வொரு நாற்றாக நட்டார்கள். இன்னொரு பக்கம் சிலர் வயலில் எப்போதும் தண்ணீர் தேக்காமல் விட்டு விட்டுப் பாய்ச்சினார்கள். இரண்டையும் எடுத்துத் தன் முறையில் சேர்த்துக்கொண்டார். மூன்றாவது விஷயம் தற்செயலாக வந்தது. 1983-இல் மழை தப்பிப்போனதால், அவருடைய விவசாயப் பள்ளியில் 15 நாள் நாற்றையே நட வேண்டியதாகிவிட்டது. வழக்கம் ஒரு மாத நாற்று. அந்தப் பயிர் போச்சு என்றுதான் நினைத்தார்கள். ஆனால் இளநாற்று தூர் வெடித்துக் கிளம்பிய வேகம் எல்லாரையும் ஆச்சரியப்படுத்தியது.

ஏன் அப்படி என்று அவருக்கு அப்போது விளக்கத் தெரியவில்லை. நெல் எப்படித் தூர் கட்டுகிறது என்பதைப் பல வருஷம் முன்னாலேயே கதயாமா என்ற ஜப்பானிய விஞ்ஞானி ஆராய்ந்து வைத்திருந்தார். அதைப் பின்னாளில் படித்தபோதுதான் லொலானியேவுக்கு விஷயம் பிடிபட்டது. நாற்று மிக இளசாக இருக்கும்போதே, வேர் அடிபடாமல் இடம் மாற்றினால், அது தூர் கட்டும் திறனை இழப்பதில்லை. ஆக, விவசாயி செய்ததும், தற்செயலும், எங்கேயோ நூலகத்தில் இருந்த ஆராய்ச்சியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. எனக்கு இந்தக் கதை பிடிப்பதற்குக் காரணம் அதுதான். யாரோ ஒருத்தர் கண்டுபிடித்து மற்றவருக்குக் கொடுத்தது என்று இதைச் சொல்லவே முடியாது.

1990-இல் அவரும் மடகாஸ்கர் நண்பர்களும் சேர்ந்து 'தெஃபி சைனா' என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். மனதைச் செம்மைப்படுத்துவது என்று அந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்வார்கள். நெல்லுக்காகத் தொடங்கிய அமைப்பு, பெயரில் நெல்லே இல்லை!

அப்புறம் வந்தது சண்டை

இது உலகத்துக்குத் தெரிய வந்தது அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்த நார்மன் அப்ஹாஃப் மூலமாக. அவர் வேளாண் விஞ்ஞானி இல்லை, அரசியல் அறிவியல்காரர். 1990-களின் நடுவில் மடகாஸ்கரில் ஒரு வனப் பூங்காவை ஒட்டிய கிராமங்களில் வேலை செய்தார். எக்டருக்கு 2 டன் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் இந்த முறையில் 8 டன் எடுத்தார்கள் என்று எழுதினார். முதலில் அவரே நம்பவில்லையாம். மூன்று வருஷம் பார்த்த பிறகுதான் நம்பினார்.

அவர் நம்பினார், ஆனால் நெல் விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை. சர்வதேச நெல் ஆண்டு என்று ஐ.நா. அறிவித்த 2004-இல் இந்தச் சண்டை 'நேச்சர்' பத்திரிகையில் செய்தியாகும் அளவுக்குப் போனது. சில இடங்களிலிருந்து சொன்ன மிக அதிக விளைச்சல், பயிருக்குக் கிடைக்கிற சூரிய ஒளியைக் கணக்கிட்டால் சாத்தியமே இல்லை என்றார்கள். இன்னொரு பக்கம், "எங்க வயலை வந்து பாருங்க" என்றார்கள்.

இதில் ஒரு பக்கம் நல்லவர், ஒரு பக்கம் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. விஞ்ஞானிகள் சந்தேகப்பட்டது நியாயம். அளக்கிற முறை சரியில்லை என்றால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சண்டை முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது: எக்டருக்கு எத்தனை டன்? அந்த வேலையைச் செய்யும் கை யாருடையது, அந்தக் கைக்கு இதனால் என்ன ஆகும் என்பது அன்றைக்குப் பெரிய கேள்வியாகவே வரவில்லை. அதே குறை அப்படியே நம்ம ஊருக்கும் வந்தது.

டெல்டாவுக்கு வந்தபோது

தமிழ்நாட்டில் வேளாண் பல்கலைக்கழகம் 2000-ஐ ஒட்டி இதைச் சோதிக்கத் தொடங்கியது. 2003-04-இல் காவிரி டெல்டாவிலும் தாமிரபரணிப் பாசனப் பகுதியிலும் தலா 100 வயல்களில், விவசாயிகளுடைய நிலத்திலேயே, பழைய முறையையும் புது முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சராசரியாக எக்டருக்குச் சுமார் ஒன்றரை டன் கூடுதல் கிடைத்தது. இது மடகாஸ்கர் மாதிரி வாயைப் பிளக்க வைக்கும் எண் இல்லை. ஆனால் நம்பக்கூடிய எண், நம்ம வயலில் வந்த எண்.

விவசாயம் பார்க்காதவர்களுக்காக முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏக்கருக்கு 25, 30 கிலோ விதை போட்ட இடத்தில் 3 கிலோ போதும். 8 சென்ட் நாற்றங்கால் விட்ட இடத்தில் 1 சென்ட் போதும். 14 நாள் நாற்று. குத்துக்கு ஒன்று. முக்கால் அடிக்கு முக்கால் அடி, சதுரமாக நட வேண்டும். தண்ணீரைத் தேக்காமல், மண்ணில் மயிரிழை மாதிரி வெடிப்பு விழுந்த பிறகு அடுத்த தண்ணீர். நட்ட பத்தாம் நாளிலிருந்து பத்து நாளைக்கு ஒரு தடவை கோனோ வீடர் என்கிற உருளைக் களைக்கருவியை நெட்டுக்கும் குறுக்குக்கும் தள்ள வேண்டும். அது களையைச் சேற்றிலேயே அமுக்கிவிடும், மண்ணையும் கிளறிவிடும்.

விதை மிச்சம், தண்ணீர் மிச்சம், விளைச்சல் கூடுதல். இதை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் படிவம்

அந்தச் சமயத்தில்தான் நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு ஊரில் தகவல் சேகரித்துக்கொண்டிருந்தேன். நான் வேலை பார்த்த திட்டத்தின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போவது என் தப்பு, அவர்களுடையது இல்லை. கையில் நாலு பக்கப் படிவம். விதை எவ்வளவு, நாற்றின் வயது, சதுர மீட்டருக்கு எத்தனை குத்து, குத்துக்கு எத்தனை தூர், கதிர் எத்தனை, எடை எவ்வளவு. தூர் எண்ணி எண்ணி முதுகு விட்டுப்போகும். ஆனால் பெருமையாக இருக்கும். "இருபத்தெட்டுத் தூர் சார்!" என்று போன் பண்ணிச் சொல்லுவேன்.

ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். நடவு செட்டை நடத்துகிற அக்கா ஒருத்தர் வந்து நின்றார். ஐம்பது வயசு இருக்கும். அந்த ஊரில் எந்த வயலில் எவ்வளவு சேறு என்று கால் வைத்தாலே சொல்லக்கூடியவர். வரப்பில் சாய்த்து வைத்திருந்த கோனோ வீடரைக் காட்டிக் கேட்டார்.

"ஏன் தம்பி, இந்த மிஷினை ஆம்பளைங்கதானே தள்ளுவாங்க?"

"ஆமாக்கா."

"அப்ப களைக்கு எங்களைக் கூப்பிட மாட்டாங்கல்ல?"

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "குனிஞ்சு குனிஞ்சு களை எடுக்கிற கஷ்டம் உங்களுக்கு மிச்சம்தானேக்கா."

அவர் சிரிக்கவில்லை. "கஷ்டம் மிச்சம், சரி. அடுப்பு எப்புடி எரியும்? அறுப்புக்கு மிஷின் வந்துட்டு. நடவுக்கும் அறுப்புக்கும் நடுவுல எங்களுக்குக் கஞ்சி ஊத்துறதே களைதான்."

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஏதாவது சமாளித்திருப்பேன். ஆனால் அந்த வார்த்தையை எங்கே எழுதுவது என்று படிவத்தைப் புரட்டிப் பார்த்தது நல்லா ஞாபகம் இருக்கிறது. நாலு பக்கத்திலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை. 'குறிப்புகள்' என்று கடைசியில் இரண்டு வரி இடம் இருந்தது. அதில் "பயிர் நன்று" என்று எழுதினேன்.

அடுத்த சம்பாவுக்குப் போனபோது, எங்கள் வயல் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு மேல் பழைய நடவுக்கே திரும்பியிருந்தார்கள். இரண்டு ஏக்கர் வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "ஏன் ஐயா, விளைச்சல் நல்லாத்தானே வந்துது?"

"வந்துது, இல்லைங்கல. நடவுக்கு ஆள் வரணுமே! அதே ஏக்கருக்கு அதே கூலி, பக்கத்து வயல்ல மதியத்துக்குள்ள முடிஞ்சிடும், என் வயல்ல பொழுது சாயும். அவங்க எங்க போவாங்க? வாய்க்கால்ல தண்ணி வந்து ஊரே நடவுக்கு நிக்கிற அன்னைக்கு நான் போய் நூல் பிடிச்சு நடுங்கன்னு கெஞ்ச முடியுமா?"

நான் திட்டத்துக்கு எழுதிய அறிக்கையில் காரணம் என்ன போட்டேன் தெரியுமா? "விவசாயிகளிடையே போதிய விழிப்புணர்வு இல்லை." அவருக்கா விழிப்புணர்வு இல்லை? அவர் எல்லாக் கணக்கும் போட்டு வைத்திருந்தார். இல்லாதது எனக்குத்தான். இந்த 'விழிப்புணர்வு இல்லை' என்ற வார்த்தையை எந்த அறிக்கையில் பார்த்தாலும் இன்றைக்கு எனக்குச் சந்தேகம் வரும். பெரும்பாலும் அதற்கு அர்த்தம், எழுதியவர் கேட்கவில்லை என்பதுதான்.

ஆராய்ச்சியே வந்து சொன்னது

2008-இல், அந்தத் தமிழ்நாட்டு வயல் சோதனைகளை வைத்து ஒரு சர்வதேச ஆய்விதழில் கட்டுரை வந்தது. விளைச்சல் கூடியதையும் சொன்னார்கள், விவசாயிகள் பெரிதாக ஏற்றுக்கொள்ளாததையும் மறைக்காமல் சொன்னார்கள். கட்டுரையின் தலைப்பிலேயே அது இருந்தது. ஒரு ஆராய்ச்சியாளர் தன் சோதனையின் தோல்விப் பக்கத்தையும் எழுதுவது சாதாரணம் இல்லை, அதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும்.

காரணங்களில் ஒன்றாக அவர்கள் சொன்னது, பெண்கள் கையால் செய்த களையெடுப்பு கருவி வந்ததும் ஆண்கள் வேலையாக மாறுகிறது என்பது. ஆண் கூலி பெண் கூலியைவிட அதிகம். அதனால் பெண்ணுக்கு வேலை போகிறது, நிலக்காரருக்கும் எதிர்பார்த்த அளவு செலவு குறைவதில்லை. தண்ணீரிலும் அதே மாதிரிதான். மிச்சம் பிடிக்கலாம், ஆனால் மிச்சம் பிடிப்பதால் விவசாயிக்குக் கையில் என்ன கிடைக்கும்? பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். வாய்க்கால் தண்ணீரோ அவர் கையிலேயே இல்லை.

இதைப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். எனக்கு அந்த வரப்புதான் ஞாபகம் வந்தது. அந்த அக்கா நாலே வாக்கியத்தில் சொன்னது, ஆய்விதழில் வர நாலு வருஷம் ஆகியிருக்கிறது. அவர் சொன்னபோது அது புலம்பல், அச்சில் வந்தபோது அது முடிவு. அவர் சொன்ன அன்றே நான் அதை ஒரு கேள்வியாக எழுதி மேலே அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடக்காமலும் போயிருக்கலாம். ஆனால் எழுதாமல் விட்டது நான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நாங்கள் விவசாயிகளோடு சேர்ந்து வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. விவசாயிகளுடைய நிலம், விவசாயிகளுடைய கூட்டம், எல்லாம் இருந்தது. ஆனால் 'களத்தில் இருப்பவர்' என்றால் பட்டா வைத்திருப்பவர் என்று எடுத்துக்கொண்டோம். சேற்றில் நாற்றை வைக்கிற கை கணக்கிலேயே வரவில்லை. இந்தத் தொழில்நுட்பத்தில் முக்கால்வாசி மாற்றம் நடவிலும் களையிலும்தான். அந்த இரண்டையும் செய்கிறவர்களை விட்டுவிட்டு, அந்த இரண்டையும் மாற்றப் பார்த்தோம்.

மாரியம்மன் கோயில் வாசலில்

அப்புறம் நான் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். அங்கே வேலை செய்துகொண்டிருந்தபோது ஒரு இளம் ஆராய்ச்சியாளர், முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பெண், இதே விஷயமாக எங்கள் ஊர்களுக்கு வந்தார். வந்ததும் அவர் கேட்டது, "நடவுக்குப் போற அக்காங்களை எப்ப பாக்கலாம்?" பகலில் முடியாது, வேலைக்குப் போய்விடுவார்கள் என்றேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மாரியம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்தோம். நிலக்காரர்கள் இல்லாமல் தனியாக. இது முக்கியம். கூலி கொடுப்பவர் எதிரில் கூலியைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அவர் படிவத்தை வெளியில் எடுக்கவே இல்லை. "இந்த நடவுல உங்களுக்கு என்ன தொந்தரவு?"ன்னு மட்டும் கேட்டார். அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தார்கள். பதினாலு நாள் நாற்று புல் மாதிரி இருக்கு, எடுக்கும்போதே ஒடியுது. அடையாளக் கோடு போடுற சட்டத்தை இழுத்தா, பாதி வயல்ல கோடு தெரியுது, பாதி வயல்ல சேறு மூடிடுது. வீடர் கனம், சேலையோட தள்ள முடியல. இப்படி.

அந்தக் கோடு விஷயத்தைச் சொல்கிறேன். எங்கள் கையேட்டில் 'தண்ணீரை வடித்துவிட்டு அடையாளமிடவும்' என்று இருந்தது. எப்போது வடிப்பது? அது இல்லை. ஒரு பாட்டி சொன்னார்: "நம்ம களிமண்ணுக்கு முந்தின நாள் பொழுது சாயவே மடையைத் திறந்து விட்டுடணும். காலையில வடிச்சா கோடு நிக்காது. மேலத்தெரு வயல் மணப்பாங்கு, அதுக்குக் காலையில வடிச்சாப் போதும்." அவ்வளவுதான் விஷயம். இது எந்த ஆய்விலும் வராது, ஏனென்றால் இது அந்த ஊர் மண்ணுக்கு மட்டும் உண்மை. ஆனால் இது தெரியாமல் அந்த ஊரில் சதுர நடவு நடக்காது.

இதைக் கேட்டால், எல்லா அறிவும் மக்களிடமே இருக்கிறது, ஆராய்ச்சியாளர் காது கொடுத்தால் போதும் என்று தோன்றும். அதுவும் முழு உண்மை இல்லை. அதே கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார்: "நட்டுப் பத்தாம் நாளு களையே இருக்காது. களையே இல்லாத வயல்ல களைக்கருவியைத் தள்ளச் சொல்றீங்களே, காசு மிச்சமா இருக்கா?" நியாயமான கேள்வி. ஆராய்ச்சியாளர் பதில் சொல்லவில்லை. அடுத்த சாகுபடியில், வீடர் தள்ளின வயலிலிருந்து ஒரு குத்தும், தண்ணீர் தேங்கிக் கிடந்த பக்கத்து வயலிலிருந்து ஒரு குத்தும் பிடுங்கி, வாய்க்காலில் அலசிக் கையில் கொடுத்தார். ஒன்றின் வேர் வெள்ளையாக, சடை சடையாக. இன்னொன்று பழுப்பும் கறுப்புமாக. "மண்ணுக்குள்ள காத்து போகுதுக்கா, அதுக்குத்தான் தள்ளச் சொல்றது. களை போறது கூடுதல் லாபம்." வேரைத் தடவிப் பார்த்துவிட்டு அந்த அக்கா சொன்னார்: "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல." சொல்லியிருக்கலாம்தான். ஆனால் காட்டாமல் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.

நாற்று வயது விஷயத்தில் சேர்ந்தே ஒரு சோதனை செய்தோம். ஒரே வயலில் மூன்று பாத்தியாக 14 நாள், 18 நாள், 25 நாள் நாற்று. ஆராய்ச்சியாளருக்கு 14 நாள்தான் சரி. அவர்களுக்கு 18 நாள்தான் கைக்கு வாட்டம், வாய்க்கால் தண்ணீர் தள்ளிப்போனாலும் தாங்கும். பதினாலு முந்தியது. பதினெட்டு கொஞ்சம்தான் பின்தங்கியது. இருபத்தைந்து நன்றாகவே பின்தங்கியது. அந்த ஒரு வயலை வைத்து ஊருக்கெல்லாம் சட்டம் போட முடியாது, ஆராய்ச்சியாளரும் அதைத் தெளிவாகச் சொன்னார். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் எத்தனை நாள் வரை நீட்டலாம் என்று தாங்களே பார்த்து முடிவு பண்ணினார்கள். அதன் பிறகு நானும் "ஏத்துக்கிட்டாரா, இல்லையா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "இதுல எதை எடுத்துக்கிட்டீங்க, எதை விட்டீங்க, ஏன்?" என்று கேட்கிறேன். குறுவையில் பம்புசெட் வைத்திருப்பவர் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டலாம். சம்பாவில் ஐப்பசி மழையில், தாழ்ந்த வயல்காரரிடம் போய் வயலைக் காயப் போடுங்கள் என்றால் அவர் நம்மைத்தான் பார்த்துச் சிரிப்பார்.

கூலி

கடைசியாகக் களைக்கூலி. இதுதான் கஷ்டமான பேச்சு. இலேசான, ஒற்றை வரிசையில் போகிற சுழல் களைக்கருவி ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டுவந்து, ஊர்க் கொல்லுப்பட்டறையில் கைப்பிடியைப் பெண்கள் உயரத்துக்கு இறக்கிக்கொடுத்தோம். சில பெண்கள் தள்ளிப் பழகினார்கள். அடுத்த கேள்வி, கூலி யார் கணக்கில்? பெண் கூலியா, ஆண் கூலியா? மூன்று கூட்டம் நடந்தது. ஆள் யாராக இருந்தாலும் பரப்புக்கு இவ்வளவு என்று பேசி முடித்தார்கள். இரண்டு நிலக்காரர்கள் ஒத்துக்கொள்ளாமல் எழுந்து போனார்கள்.

பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். வீடர் தள்ளியவர்கள் இளவயசுப் பெண்கள் கொஞ்சம் பேர்தான். வயசானவர்களால் முடியவில்லை. என்னிடம் வரப்பில் கேள்வி கேட்ட அந்த அக்கா பிற்பாடு நூறு நாள் வேலைக்குத்தான் அதிகமாகப் போனார். மொத்தக் களை வேலை நாட்கள் குறைந்தது குறைந்ததுதான். ஆனால் யாருக்கு என்ன போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்து, பேசி, அதன் பிறகு நடந்தது. முன்னால் அது யாருக்கும் தெரியாமல் நடந்தது. அந்த வித்தியாசம் சின்னது இல்லை என்று நினைக்கிறேன்.

2010-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி, அரசாங்கம் இந்த முறைக்கு 'ராஜராஜன் 1000' என்று பெயர் வைத்தது. கம்பீரமான பெயர். ஆனால் எங்கள் ஊர்களில் யார் வாயிலும் அது நுழையவில்லை. அவர்களுக்கு அது இன்னும் 'ஒத்த நாத்து'தான். கையில் எடுப்பது ஒற்றை நாற்று, அதனால் ஒத்த நாத்து. வேலை செய்கிறவர்கள் வைக்கிற பெயர் அப்படித்தான் இருக்கும்.

நான் இப்போது செய்வது

இந்த மாதிரி வேலையில் இருக்கும் நண்பர்கள் நிறையப் பேர் இந்த நிகழ்ச்சியைக் கேட்கிறீர்கள். உங்களுக்கு நான் அறிவுரை சொல்லும் இடத்தில் இல்லை. நான் மாற்றிக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

எந்தப் புது முறையாக இருந்தாலும், அதில் எந்த வேலை மாறுகிறது என்று முதலில் பார்ப்பேன். அந்த வேலையைச் செய்யும் ஆளைக் கேட்காமல் கேள்விப் படிவத்தை எழுத மாட்டேன். சத்துணவுத் திட்டமாக இருந்தால் சமையல் ஆயா, ஆரம்ப சுகாதார நிலையமாக இருந்தால் கிராம செவிலியர். அவர்களுக்குத் தனியாக, அவர்களுக்கு வசதியான நேரத்தில் கூட்டம். ஒரு நாள் கூலியை விட்டு வந்தால் அந்தக் கூலியைத் திட்டச் செலவில் போடுவேன். ஆராய்ச்சியாளருக்குப் பயணப்படி உண்டு, இவருக்கு மட்டும் என்ன?

அறிக்கை மேலே போவதற்கு முன்னால், அதே கோயில் வாசலில் வாசித்துக் காட்டுவேன். ஒரு தடவை வாசித்தபோது, "இதை யார் சொன்னா? நாங்க சொல்லலையே" என்று ஒரு பத்தியையே அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். அது நான் ரசித்து எழுதிய பத்தி.

அப்புறம், என் படிவங்களின் கடைசியில் இப்போது ஒரு கேள்வி இருக்கிறது: "இது வந்தால் யாருக்கு வேலை கூடும்? யாருக்கு வேலை போகும்?" அதற்குக் கீழே இரண்டு வரி இல்லை, முழுப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன்.

உங்கள் வேலையில், யாரோ சொல்லி, எழுத இடம் இல்லாமல் நீங்கள் விட்ட வார்த்தை ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த அத்தியாயங்களில் அதைப் பற்றியும் பேசுவோம்.